ஓடுகிற வானுக்கு ஒரு பெயர்

டொக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். "இனியும் இடையில லைன் அறுந்தா வானை நிப்பாட்டுங்கோ பிள்ளை. அரைகுறை ஈ.சி.ஜி.யை வைச்சு நான் என்ன செய்யிறது?"

கரையோரக் கிராமங்களுக்குப் போகும் எங்கள் மருத்துவ வண்டியான வானில் இருக்கிற நோயாளிகளை, கிளிநொச்சியில் இருந்தபடி திரையில் பார்ப்பவர் அவர். வானின் இணைய இணைப்பு என் பொறுப்பு. வான் நின்றுபோனால் தண்ணீரூற்றுப் பக்கத்து இருதய நோயாளிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோளாறு இதுதான். வானில் இரண்டு சிம். கடற்கரையில் ஒன்று சிக்னல் இழுக்கும், நகரத்துப் பக்கம் மற்றது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போது வானின் இணைய முகவரியும் மாறிவிடும். டொக்டரின் கணினியோ முகவரியை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ளும். முகவரி மாறியதும் யாரோ அந்நியர் என்று கதவைச் சாத்திவிடும். நிரந்தர முகவரி ஒன்று வாங்கிப் பூட்டு என்று புத்தி சொன்னவர்கள் பலர். ஓடுகிற வானுக்கு நிரந்தர முகவரியா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் கூத்து எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் பக்கத்து முகாமில் இருந்தபோது, சித்தி எங்கள் கூடார எண்ணை விசாரித்துக்கொண்டு ஒரு பை கருவாட்டுடன் வந்தார். அதற்குள் நாங்கள் வேறு வரிசைக்கு மாறிவிட்டோம். எண் சரியாக இருந்ததால், உள்ளே இருந்தவர்களிடம் "அக்கா வந்தா குடுங்கோ" என்று பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர்கள் மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டும் விட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு அம்மா யாருக்கும் எண் சொன்னதில்லை. "தண்ணீரூற்றுத் தையல்காரர் குடும்பம் எண்டு கேளுங்கோ, ஆரும் காட்டுவினம்" என்பார். எத்தனை தரம் வரிசை மாறினாலும் தேடி வந்தவர்கள் எங்களிடம்தான் வந்து சேர்ந்தார்கள்.

வானுக்கும் அதையே செய்தேன். அதற்கென்று ஒரு பெயர், அதை மெய்ப்பிக்க ஒரு இரகசியத் திறவுகோல். இனி முகவரி, வான் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும். ஆள் யாரென்று திறவுகோல் சொல்லும். இடம் மாறினால், நான்தான், இப்போது இங்கே நிற்கிறேன் என்று வானே டொக்டரின் கணினிக்கு அறிவித்துவிடும். நிரலை எழுதி முடித்தபோது, என்னடா இவ்வளவுதானா என்று இருந்தது.

வெள்ளோட்டத்தன்று வானில் நானும் தாதியும், நெஞ்சில் வயர்கள் ஒட்டியபடி ஒரு கடற்றொழிலாளி ஐயாவும். வழக்கமாக இணைப்பு அறுவது புதுக்குடியிருப்பு தாண்டியதும்தான். அந்த இடம் வந்தது. சிம் மாறியது. என் திரையில் புது முகவரி விழுந்தது. நான் ஈ.சி.ஜி. கோட்டையே பார்த்தேன். அது ஏறி இறங்கி ஏறி இறங்கி, தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கத்தினேன். தாதி கைதட்டினார். ஐயாவும் என்னவென்று தெரியாமலே எங்களுடன் சேர்ந்து சிரித்தார்.

திரையில் டொக்டர் முகத்தைச் சுளித்தார்.

"ஏன் இப்பிடிக் கத்துறியள்? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை டொக்டர்," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "ஒண்டுமே நடக்கேல்லை!"