பவுனம்மாளுக்கு வந்த மெமோ

திருவொற்றியூர் கடலோர டிஸ்பென்சரி ஒன்றில் பவுனம்மாள் ஆயாவாகச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில். புருஷன் காலராவில் போன மறு வருஷம். பாட்டில் கழுவுவதும் தரை துடைப்பதும்தான் வேலை. கம்பவுண்டர் லட்சுமணன் புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் பார்த்துப் பார்த்து அதையும் கற்றுக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டில் ரகுபதி என்ற சுகாதார அதிகாரி வந்தார். ஆள் வராத டிஸ்பென்சரிகளை மூடப்போவதாகப் பேச்சு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டிஸ்பென்சரி திறந்திருக்கும் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வருகிறவர்களை எண்ணினார். முதல் நாள் ஒன்பது பேர். அடுத்த நாள் ஏழு. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கே நோட்டை மூடப் போனவர் எதிரில் பவுனம்மாள் போய் நின்றாள்.

"இங்க வர்றவங்கள மட்டும் எண்ணிக்கினா எப்டி சார்? கட்டுமரம் கரைக்கு வர்ற நேரம் இது. மீனை வுட்டுட்டு எவ வருவா?"

"அப்போ அவங்களுக்கு யாரு மருந்து போடறது?"

அவள் லட்சுமணனைத் திரும்பிப் பார்த்தாள். மருந்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது உத்தரவு. லட்சுமணன் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"நான்தான் சார். இங்க பூட்டினப்புறம் மருந்தும் துணியும் எடுத்துக்கினு குப்பத்துக்குப் போறேன். ஏழு வருசமா."

ரகுபதி கோபிக்கவில்லை, பாராட்டவுமில்லை. அன்று மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். திருக்கை மீன் முள் குத்தின கால், சீழ் வடியும் காது, கயிறு அறுத்த உள்ளங்கை. பொழுது சாய்வதற்குள் முப்பத்தெட்டுப் பேர். ஒரு கிழவர் ரகுபதியை டாக்டரென்று நினைத்து அவரிடம் நாக்கை நீட்டினார்.

பார்த்ததையெல்லாம் அவர் அறிக்கையில் எழுதினார். இரண்டு மாதம் கழித்து இரண்டு காகிதங்கள் வந்தன. டிஸ்பென்சரி இனிப் பிற்பகல் இரண்டிலிருந்து ஆறு வரை என்றது ஒன்று. அனுமதியில்லாமல் மருந்தை எடுத்துப்போன ஆயாவுக்கு மெமோ, மற்றது.

லட்சுமணன் படித்துக் காட்டினார். "நீயே போயி மாட்டிக்கினியே பவுனம்மா."

"கேட்டாரு, சொன்னேன். டிஸ்பென்சரிய மூடலியே, அத்தோட வுடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று கழுவின பாட்டில்களையே மறுபடியும் கழுவினாள்.

புது நேரம் வந்த வாரமே பெண்கள் காலி மீன்கூடையோடு வரிசையில் நின்றார்கள். வரிசை தெருமுனையைத் தொட்டது. லட்சுமணனுக்கு டீ குடிக்க நேரமில்லை. கட்டுப் போடும் வேலை முழுக்கப் பவுனம்மாள் கைக்கு வந்தது. அவள் குப்பத்துக்குப் போவது ஏறக்குறைய நின்றது. நடக்க முடியாத மூன்று பேருக்காக மட்டும், மருந்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஐம்பத்தெட்டாம் வருஷம் வேலையை விடும்வரை ஞாயிறுதோறும் போய்வந்தாள்.