கடைசி மேட்சும் செக்பொயின்டும்

இலங்கையில் யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். இந்தியக் கால்பந்து லீக் சீசன் முழுவதையும் மாத்தளை டவுனில், ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடையில்தான் பார்த்தேன். கடைசி மேட்ச் அன்று காற்றுக்கு டிஷ் திரும்பி, படம் போய்விட்டது. சரிசெய்ய நான் கூரையில் ஏறினேன்.

எதிரே இருந்த செக்பொயின்டிலிருந்து ஒரு ஆமிக்காரர் துவக்கோடு வந்தார். "அங்க என்ன செய்றே?" என்று சிங்களத்தில் கேட்டார். அந்தக் காலத்தில் ஒரு தமிழன் கூரையில் நின்று எதையோ திருப்பினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? டிஷ்ஷிலிருந்து கையை எடுத்தேன்.

"ஃபுட்போல் சேர். கடைசி மேட்ச்."

கடைக்குள் எட்டி டிவியைப் பார்த்தார். பிறகு வாசலிலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். ஆ, வந்திருச்சு" என்றார். மேட்ச் முடியும்வரை அவரும் நகரவில்லை.

மறுநாள் செக்பொயின்டில் எல்லாரையும் போல என்னையும் கைதூக்கச் சொல்லித் தடவிப் பார்த்தார். அடையாள அட்டையைத் திருப்பித் தரும்போது மெதுவாக, "அடுத்த மேட்ச் எப்ப?" என்றார்.

"சீசன் முடிஞ்சிருச்சு சேர். இனி அடுத்த வருசம்தான்."

"அடுத்த மாசம் என்னை வடக்குக்குச் சண்டைக்கு அனுப்புறாங்க" என்றார்.

செக்பொயின்டைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு போகிறவன் நான். அடுத்த சீசன் முழுக்க, அங்கே நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போனேன்.