கூரையில் இருந்த முதலாளி

தாயம்மா கத்தரிக்காய் வாங்கினால் தட்டுவாள், முகர்வாள், காம்பைக் கிள்ளுவாள், கடைசியில் கடைக்காரரின் மூஞ்சியையும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். கோட்டூர்புரத்து ஆற்றோரக் காக்கைகள் அவள் வைக்கிற சோற்றைத் தின்றபின், "வேறெதையும் எடுக்கவில்லை" என்று சிறகை விரித்துக் காட்டிவிட்டுத்தான் பறக்குமாம். சொன்னவர்கள் சொன்னார்கள், நான் காக்கையைக் கேட்கவில்லை.

அவள் கணவன் அய்யாதுரைக்கோ சந்தேகப்படவே தெரியாது. தியாகராய நகரில் ஒரு பட்டு மாளிகையில் மூட்டை தூக்கினான். அங்கே சரக்கு லிஃப்டின் கதவுக்குத் தாழ்ப்பாள் போய் வெகுநாளாகியும் கயிறு கட்டியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அந்தக் கயிறும் இல்லை. சேலைப் பொதியைத் தலையில் வைத்துக்கொண்டு, லிஃப்ட் நிற்கிறதென்று நம்பிக் காலெடுத்து வைத்தான். லிஃப்ட் கீழே இருந்தது.

முதலாளி தனபாலன் மாலையோடு வந்தார், அழுதார், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனரும் வைத்தார். அதில் செத்தவன் படத்தைவிட முதலாளி படம் பெரிது. கீழ் மூலையில் ஆடித் தள்ளுபடி விளம்பரம் வேறு.

காரியம் முடிந்து நஷ்டஈடு கேட்டதும் முதலாளிக்கு மறதி வந்துவிட்டது. அய்யாதுரை எங்கள் ஊழியரே இல்லை, கழிவறை தேடி மாடியேறிய வெளியாள் என்று பதில் வந்தது.

மயிலாப்பூர் வக்கீல் ஜஹீதா வழக்கை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, அவர் அங்கதான் வேலை செஞ்சார்னு காட்ட ஏதாவது இருக்கா? அட்டை? சம்பளச் சீட்டு?"

"கையில குடுப்பாங்க, கையில வாங்கினு வருவாரு. சீட்டு எங்க கீது?"

"கூட வேலை பார்த்தவங்க?"

"அவங்களுக்கும் புள்ளகுட்டி கீதே, வாயத் தொறப்பாங்களா? அது கெடக்கட்டும். இந்த வெயில்ல கறுப்பு கோட்டு எதுக்கு வக்கீலம்மா? உள்ள இன்னா வெச்சிகினு கீற?"

ஜஹீதா சிரிக்காமல் கோட்டைக் கழற்றி உதறிக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் தாயம்மா கையெழுத்துப் போட்டாள்.

ஆற்றோரக் குடிசைகளில் எந்தப் பேனரும் வீணாவதில்லை. கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு எல்லாம் முடிந்ததும் கூரையேறிவிடும். அய்யாதுரையின் அஞ்சலியும் அப்படியே ஏறியது. படுத்தால் புருஷன் முகம் தெரியட்டும் என்று அச்சடித்த பக்கத்தைக் கீழே பார்க்க வைத்துக் கட்டினாள். கூடவே முதலாளியும் கும்பிட்டபடி தெரிந்தார். அந்த மூஞ்சியின் மேல் ஒரு பழைய முறத்தைக் கட்டி மறைத்தாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் கடை மேலாளர் சுரேஷ்குமார் புது நீலத் தார்ப்பாயோடு வந்து நின்றார்.

"அக்கா, முதலாளி குடுத்து விட்டாவ. கூரை ஒழுகுமுல்லா? நம்ம பயலுவளே கட்டிக் குடுத்திருவானுவ."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"செத்தவர எங்க ஆளே இல்லன்னாரு. இப்ப அவர் பொண்டாட்டி நனையக் கூடாதா?"

"அதெல்லாம் மனசுல வச்சிக்கிடாதீய. அந்தக் கிழிசலைக் கழட்டி நானே கொண்டு போட்டிருதேன்."

"குப்பய நீ எதுக்கு நைனா தூக்கினு போற? கார்ப்பரேஷன்ல வேல கெடச்சிடுச்சா?"

அவர் தார்ப்பாயைப் பிரிக்கத் தொடங்கினார். கண் மட்டும் கூரையை விட்டு இறங்கவில்லை. தாயம்மா அந்தக் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துகினு கெளம்பு. என் கூர ஒழுகுனா நான் பாத்துக்கறேன்."

அவர் போனதும் உள்ளே வந்து மல்லாந்து படுத்தாள். புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கிப் போக எவன் வருவான்? அண்ணாந்து பார்த்தாள். புருஷன் முகம், தள்ளுபடி, முறம். எழுந்து முறத்தை அவிழ்த்தாள். முதலாளியின் கும்பிட்ட கைக்குக் கீழே வரிகள் இருந்தன. எழுத்துக் கூட்டினாள்: 'எங்கள் நிறுவனத்தின் நீண்டகால ஊழியர்...'

"வக்கீலம்மா, உடனே வூட்டாண்ட வா," என்று ஃபோனில் சொன்னாள். "போன்ல சொல்ல மாட்டேன். எவனாவது கேப்பான்."

ஜஹீதா வந்து, படுத்துப் பார்த்து, படுத்தபடியே கைதட்டினாள். பேனரை இறக்கினார்கள். வெறும் கூரைக்கு ஜஹீதா ஒரு தார்ப்பாய் வாங்கித் தந்தாள். தாயம்மா அதை விரித்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இதுல எவன் மூஞ்சியும் இல்லியே?"

தேனாம்பேட்டைத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணையன்று பேனர் மேஜைக்கு மேஜை விரிந்தது. அது வெறும் மரியாதைக்கு எழுதிய வார்த்தை என்றார் கடையின் வக்கீல்.

தாயம்மா எழுந்தாள். "கக்கூஸ் தேடி வந்தவனுக்கெல்லாம் பேனர் வெப்பீங்களா சாமி?"

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

அய்யாதுரை அந்தக் கடையின் ஊழியரே, கடையின் கவனக்குறைவால் செத்தவருக்குக் கடையே ஈடு கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜஹீதா படித்துக் காட்டியதை நம்பாமல், தாயம்மா அதை டீக்கடை பீர் முஹம்மதுவிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். இரண்டும் ஒத்துப்போயின.

அதன் பிறகு அதிகாரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவர் மொகத்த மட்டும் வெட்டிக் குடுத்துடுங்க. மீதிய நீங்களே வெச்சிக்குங்க."

மேல்முறையீட்டுக் காலம் முடியாமல் சாட்சியத்தைத் தொடக் கூடாது என்றார்கள். தாயம்மா தலையாட்டினாள். ஆனாலும் வாராவாரம் தேனாம்பேட்டைக்குப் போகிறாள். பீரோவைத் திறக்கச் சொல்லி, புருஷன் உள்ளேதான் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறாள்.