பானெட்டில் பூசாத எண்ணெய்

ஜெலாப்பாங்கில் சன்னாசி அண்ணன் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனால், பிரேக்கைக் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். பானெட்டில் முனி எண்ணெய் பூசாமல் சாவியையும் தரமாட்டார்.

சுங்காய்ப் பக்கம் அவர் பிறந்த தோட்டத்தில் இப்போது பால்வெட்டும் கித்தா மரமும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, எல்லாம் செம்பனை. முனீஸ்வரர் மட்டும் அங்கேயே நிற்கிறார். வெள்ளி தவறாமல் போய் விளக்கேற்றிவிட்டு, மிச்ச நல்லெண்ணெயைப் போத்தலில் கொண்டுவருவார்.

"முனி முன்னால போனாத்தான் வண்டி பின்னால போவும்லா," என்பார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் என் காரிலும் அந்தக் கறை இருக்கிறது. வாயைத் திறந்து அவரிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

வாயைத் திறந்தவர் அவருடைய மாப்பிள்ளை பிரேம்நாத்தான். சின்னக் கார், ஆனால் புதிதாகச் சாயம் அடித்தது. "மாமா, பெயிண்டு கெட்டுப்போவுது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சன்னாசி அண்ணன் முறைத்தார். மகள் தினேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். மனிதர் அடங்கிவிட்டார். ஒரே மகள், அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

கைக்குழந்தையோடு கேமரன் மலைக்குப் போகிறார்கள் என்று அந்தக் காரை அவரே சர்வீஸ் செய்தார். பிரேக் கட்டையை மாற்றி, பழைய பிரேக் ஆயிலை இறக்கி, புதிதாக ஊற்றி, மிதித்து மிதித்துப் பார்த்தார். நன்றாகப் பிடித்தது. எண்ணெய் மட்டும் பூசவில்லை. "முனிய கூட அனுப்பலையே" என்று அன்று முழுக்கப் புலம்பினார். நான் கிண்டல்தான் செய்தேன்.

அவர்கள் மலைக்குப் போன மறுநாள் பட்டறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வேறொரு காருக்குப் பூச எண்ணெய்ப் போத்தலை எடுத்தவர், அது பாதி காலியாக இருக்கவும் மனைவியைக் கூப்பிட்டார்.

மாரியம்மா அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "கோவப்படாதீங்க. மாப்பிள்ளைக்கு வெளிய பூசினாத்தானே ஆவாது? உள்ள ஊத்திட்டேன். நீங்க கீழ டயர் பக்கம் கெடந்தீங்க. மேல ஒரு சின்ன டப்பா மூடி தெறந்து இருந்திச்சு. முனி இப்ப வண்டிக்குள்ளயே இருக்காரு."

"பிரேக் ஆயில் டப்பாவா?"

"எனக்கென்ன தெரியும், தெறந்திருந்த டப்பா."

சன்னாசி அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லெண்ணெய் போனால் பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் ஊதி, பிரேக் பிடிக்காமல் போகும் என்றார். முதல் நாள் ஒன்றும் தெரியாது. மலையிறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால்தான் தெரியும்.

மகளைப் போனில் கூப்பிட்டார். லைன் இல்லை. மாப்பிள்ளைக்கும் போகவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். அக்கா முனியை அழைத்துக் கும்பிடத் தொடங்கவும், "வாய மூடு!" என்று கத்தினார். அந்தப் பெயரைக் கேட்டு அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை.

கடைசியில் தினேஸ்வரி எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டார். குழந்தை சிணுங்குவது கேட்டது.

"அம்மாடி, வண்டிய எடுக்காத! அங்கேயே இரு, நான் வாரேன்!"

"எறங்கிட்டோம்பா, பாதி மலை வந்தாச்சு. பிரேக்கு ஒரு மாதிரியா இருக்குன்னாரு. அப்பா பார்த்த பிரேக்கு, புதுசுல அப்படித்தான் இருக்கும்னு நான்தான் சொன்னேன்."

"நிறுத்தச் சொல்லும்மா! இப்பவே ஓரமா நிறுத்தச் சொல்லு!"

"ஏங்க, அப்பா நிறுத்தச் சொல்றாரு."

இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு பிரேம்நாத்தின் குரல், எங்களுக்கு அல்ல, அவளுக்கு.

"தினே, புள்ளைய இறுக்கிப் புடிச்சுக்கோ."