கருமத்தம்பட்டியில் ஆறு தோட்ட விலாங்குகள்

போன ஞாயிறு காலை லதா அழைத்தாள். கல்லூரியில் என்னோடு விலங்கியல் படித்தவள். கருமத்தம்பட்டி வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறாள். சென்னையிலிருந்து வரவழைத்த ஆறு தோட்ட விலாங்குகள் ஐந்து நாளாக மணலை விட்டு வெளியே வரவில்லை, இரை எடுக்கவில்லை. இன்னும் ஓரிரு நாள் போனால் பிழைக்காது என்றாள். குரல் சரியில்லை. கிளம்பிவிட்டேன்.

கோவை காந்திபுரத்தில் 9.10க்கு அவிநாசி பேருந்து. 25 கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம், டிக்கெட் 25 ரூபாய். கருமத்தம்பட்டி நால்ரோட்டில் இறங்கி லதா வீட்டுக்கு ஆட்டோ 60. (பேரம் பேசலாம், எனக்குப் பொறுமை இல்லை.)

தோட்ட விலாங்கு விரல் கனம்கூட இருக்காது. வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள். வாலை மணலில் புதைத்து, மேல்பாதியை நீட்டி, நீரோட்டத்தில் மிதந்து வரும் சின்னஞ்சிறு உயிர்களைக் கொத்தித் தின்னும். கூட்டமாக நின்றால் தோட்டத்தில் தண்டுகள் முளைத்ததுபோல இருக்கும். ஒரு நிழல் விழுந்தால் போதும், உள்ளே போய்விடும்.

தொட்டியில் வெறும் மணல். அதற்கு நேர் எதிரே நாற்காலி, டார்ச், காபித் தம்ளர். ஐந்து நாளும் லதா அங்கேதான்.

"பக்கத்துத் தறிதான்டி காரணம். அதிருது பாரு."

பக்கத்துத் தறிக்காரர் பழனிசாமி அண்ணன் வாசலிலேயே இதைக் கேட்டுவிட்டார். "ஏனுங்க அம்மணி, நேத்து மத்தியானம் பூரா தறிய நிறுத்திப்போட்டேன். அப்பவும் வரலீங்களே? நீங்க இப்படி மூஞ்சிக்கு நேரா உக்காந்து மொறச்சா, நானே ஊட்ட விட்டு வெளிய வரமாட்டேனுங்க."

லதா முறைத்தாள். நான் சிரித்துவிட்டேன். அவர் போய் நாலு மீட்டர் காடாத் துணி, தறியிலிருந்து இறங்கியபடி சாயம் ஏறாதது, கொண்டுவந்து தொட்டிக்கு முன்னால் கட்டினார். எட்டிப் பார்க்க அதில் பிளேடால் ஒரு சின்னக் கீறல். மூவரும் வெளியே போய் நாற்பது நிமிடம் இருந்தோம்.

திரும்பி வந்து கீறல் வழியே முதலில் பார்த்தவள் லதா. என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். பிறகு நான் பார்த்தேன். ஐந்து தண்டுகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. துணிக்குப் பின்னாலிருந்தே குழாய் வழியாக இறால் குஞ்சுகளை விட்டாள். கொத்தித் தின்றன. அந்நேரமும் பக்கத்தில் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அக்கறை என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு முன்னால் இப்படி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று திரும்பும் பேருந்தில் கணக்குப் பார்த்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

எங்கேயாவது இவற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: தள்ளி நில்லுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

செவ்வாய்க்கிழமை லதாவின் குரல்பதிவு வந்தது: "ஆறாவதும் வந்து சாப்பிட்டுருச்சுடி. நான் பாக்கல. பழனிசாமி அண்ணன் பாத்தாராம்."