கர்னலின் பூட்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டு ஹாலில் என் வீட்டுக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பதறாதீர்கள். டிவியில்தான். செத்த கையோடு நாற்காலியில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரித்து எத்தனை நாளாச்சு என்று எனக்குத்தானே தெரியும்...

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். பெயர் தயாளன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு ஜோடியையும் தூக்கிப் பார்க்க வேண்டும். தையல் கோணலா, பசை வழிந்திருக்கிறதா, ரெண்டுக்கும் கலர் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் சொல்ல வேண்டும். அந்த வேலையைக் கம்பெனியோடு விட்டுவிட்டு வந்தால் தேவலை. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார். காலைப் பார்ப்பார். "மாப்ள எப்படிங்க?" என்று நான் கேட்டால், "ஹீல் ஒட்டினது சரியில்ல" என்று பதில் வரும். எங்கள் ஊரில் இதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை. ஷூ கம்பெனிகள் நிறைந்த ஊர், பாதிப் பேர் இப்படித்தான்.

கொஞ்ச நாளாக இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றி மூச்சே விடவில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிற நிலைமையில் நான் இல்லை. அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் வேலூருக்கு ஓட்டம், ஆஞ்சியோ, ஸ்டென்ட்... எல்லாம் ஒரே ராத்திரியில் நடந்து முடிந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னைக் கிட்டே கூப்பிட்டார். கடைசி வார்த்தை ஏதும் சொல்லப் போகிறாரோ என்று காதைக் கொடுத்தேன்.

"டாக்டர் போட்டிருக்கற ஷூவுல சோல் பிரியுது, பாரு" என்றார்.

அந்த மனுஷன் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். வீட்டுக்கு வந்தது வேறு ஆள்.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார். தினமும் நடக்கணும். மாடிப்படி தாராளமா ஏறி இறங்கலாம். சீக்கிரமே வேலைக்குப் போகலாம். பயந்துபோய் உட்கார்ந்துவிட்டால்தான் இதயத்துக்குக் கெடுதல். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு தலையாட்டியவர், அதில் 'இதயம்' என்கிற ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

எங்கள் வீடு மாடியில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு நாற்காலியில் உட்கார வைத்து மேலே தூக்கி வந்தார்களே, அதோடு சரி. படியில் கால் வைக்கவே இல்லை. ஹாலில் இருந்து பாத்ரூம், பாத்ரூமில் இருந்து ஹால். நடுவில் நின்று, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொள்வார். நான் பேசினால், எண்ணிக்கை விட்டுப்போகும் என்று கை காட்டி நிறுத்துவார். பிரியாணியை நிறுத்தச் சொன்னபோதுகூட மறுபேச்சுப் பேசவில்லை. ஆம்பூர்க்காரர் ஒருவர் பிரியாணிக்குச் சண்டை போடவில்லை என்றால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

சாயந்திரமானால் கீழே தெருவிலிருந்து இக்பால் பாய் குரல் கொடுப்பார். அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். இவருக்கு உயிர்த் தோஸ்த். வருஷக்கணக்காக ரெண்டு பேரும் முனைக்கடையில் சேர்ந்து டீ குடித்தவர்கள். பாய்க்கு முழங்கால் தேய்மானம், படி ஏற முடியாது. அதனால் கீழேயே நின்று அண்ணாந்து பார்ப்பார்.

"இன்னா தயா, மகாராஜா மாதிரி மேலயே உக்காந்துட்ட? டீ ஆறிப் போவுது, வா."

இவர் நாற்காலியை விட்டு எழாமல் என்னிடம் சொல்வார். "நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிடு."

நான் பால்கனிக்குப் போய்ச் சொல்வேன். பாய் தலையாட்டிவிட்டுத் தனியாக நடந்து போவார். ஒருநாள் பாய் போனதும் இவர் சொன்னார், "வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன், மாலா." ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

இந்த நேரத்தில்தான் என் தம்பி சரவணன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். கையில் ஒரு வீடியோ கேம் பெட்டி. ஸ்னைப்பர் கேமாம். ஒளிந்திருந்து தூரத்து ஆளைக் குறிபார்த்துச் சுட வேண்டுமாம்.

"ஏன்டா, நெஞ்சுவலிக்காரருக்கு இதுதான் கிடைச்சுதா? பல்லாங்குழி கிடைக்கலையா?"

"அக்கா, இது ஓடிப் பிடிச்சு சுடற கேம் இல்ல. மாமா உக்காந்த இடத்துலேயே ஆடலாம். ரியலிஸ்டிக் மோடுன்னு ஒண்ணு இருக்கு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கேத்த மாதிரி புல்லட் தள்ளிப் போவும். தூரம் ஜாஸ்தியானா கீழ எறங்கும். மூச்சைப் பிடிச்சுட்டுதான் சுடணும். அப்படியே நிஜம்."

அப்படியே நிஜம்! நிஜ ஸ்னைப்பர் புல்லுக்குள் படுத்துக் கிடந்தால் எறும்பு கடிக்காதா? மூத்திரம் முட்டாதா? நாள் முழுக்கக் காத்திருந்து, வர வேண்டிய ஆள் வராமல், வெறும் வயிற்றோடு திரும்பி வர மாட்டானா? அதையெல்லாம் கேமில் வைத்தால் எவன் வாங்குவான்? ஆக, நமக்கு வேண்டிய நிஜம் என்பது எறும்பைத் தட்டிவிட்ட நிஜம். இதை நான் தம்பியிடம் சொன்னேன். அவன் ஒயரைச் சொருகுவதில் மும்முரமாக இருந்தான்.

அவன் ஊருக்குப் போனான். இவர் ஆட ஆரம்பித்தார்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாடி பார்ப்பதை விட்டுவிட்டு வேறு எதையோ பார்க்கிறாரே... ஆனால் அவர் ஆடுவதைப் பார்க்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். டிவியில் புல் அசையும். குருவி கத்தும். இவருடைய ஆள் குப்புறப் படுத்தபடி கிடப்பான். நான் குழம்பு வைத்து, ரசம் தாளித்து, துணி மடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே புல், அதே ஆள், அதே படுக்கை. யாராவது தானாக வந்து குறியில் விழுந்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

"கொஞ்சம் அந்தப் பக்கம் ஓடித்தான் பாருங்களேன்" என்றேன் ஒருநாள்.

"ஓடினா ஏறும்."

"எது ஏறும்?"

ரிமோட்டால் டிவி மூலையைக் காட்டினார். அங்கே சின்னதாக ஒரு இதயம் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு நம்பர். அதுதான் அந்த விளையாட்டின் பெரிய நிஜமாம். ஓடினால் நம்பர் ஏறும், குறி ஆடும், டிவி முழுக்கத் திக்திக்கென்று சத்தம் கேட்கும். அசையாமல் கிடந்தால் நம்பர் இறங்கும். இவர் எதிரியைப் பார்க்கவே இல்லை. இத்தனை நாளும் அந்த நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஹாலில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ, புல்லிலும் அப்படியேதான் கிடந்திருக்கிறார்.

"ஏறினா இன்னாங்க? அது பொம்மையோட நெஞ்சு."

அவர் கேம் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். இந்தப் பெட்டியை வாங்கி வந்தவனை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு போன் போட்டு நேரடியாகவும் திட்டினேன்.

"அக்கா, அப்ப ஈஸி மோடு போடு" என்றான் தம்பி. "காத்து கிடையாது, மூச்சு கிடையாது, அந்த இதயமும் வராது. ஜாலியா ஓடலாம்."

போட்டேன். இவர் ரிமோட்டைத் தொடவில்லை. சரி, வீணாகப் போவானேன் என்று நானே ஆடினேன். வாசகர்களே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் - அற்புதமாக இருந்தது. ஓடினேன், குதித்தேன், கூரை மேல் ஏறினேன். குத்துமதிப்பாகச் சுட்டாலும் குறி தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. புல்லட் மெதுவாகப் பறந்து போவதைக் காமிராவே கூடப் போய்க் காட்டுகிறது. குண்டு பட்டால் ஒரு கட்டுத் துணி சுற்றினால் போதும், காயம் மாயம். என் நாத்தனார் ஒரு நர்ஸ். அவள் பார்த்திருந்தால் டிவியை உடைத்திருப்பாள்.

பின்னால் நாற்காலியில் இருந்து குரல் வந்தது. "இது இன்னா ஆட்டம்? ஒரு நியாயம் வேணாமா?"

"எனக்கு நியாயம் வேணாம். ஜாலிதான் வேணும்."

"அப்ப கண்ண மூடிட்டு சுடு."

"மூடிட்டுத்தான் சுடறேன். அப்பவும் விழறான்."

இப்படித்தான் எங்கள் வீட்டில் ரெண்டு கட்சி உருவானது. சாப்பிடும்போதுகூட வாக்குவாதம். நிஜம் இல்லாவிட்டால் ஜெயித்து என்ன பிரயோஜனம் என்று அவர். ஜாலி இல்லாவிட்டால் எதற்கு விளையாட்டு என்று நான். யோசித்துப் பார்த்தால், எந்த இடத்தில் நிஜம் வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. நர்ஸுக்குக் காயத்துக்குப் போடுகிற கட்டு விஷயத்தில். எனக்கு, அந்தச் சிப்பாய் தினமும் ஒரே சட்டையில் சேற்றில் புரள்கிறானே, அது துவைத்த மாதிரியே இருக்கிறதே என்பதில். மற்ற பொய்யை எல்லாம் நாம் தாராளமாக மன்னித்துவிடுகிறோம். நமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

இவருக்கு எதில் பிடிவாதம் என்று நான் முன்னாடியே யோசித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இவர் தன்னுடைய ரியலிஸ்டிக் மோடில் வழக்கம்போலப் படுத்துக் கிடந்தார். எதிரிப் படையின் கர்னலைச் சுட வேண்டும். கர்னல் ஜீப்பில் வந்து இறங்கினான். காற்று இல்லை. நம்பரும் நன்றாக இறங்கியிருந்தது. சுட வேண்டியதுதான் பாக்கி. துப்பாக்கிச் சத்தமே வரவில்லை.

"மாலா, இங்க வா."

குரலே வேறு மாதிரி இருந்தது. கரண்டியோடு ஓடினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரோ என்று பார்த்தால், மனுஷன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து டிவியை முறைத்துக்கொண்டிருந்தார். துப்பாக்கிக் குறி கர்னலின் தலையில் இல்லை. நெஞ்சிலும் இல்லை. காலில் இருந்தது.

"அந்த பூட்ஸப் பாரு. பக்கிள் இருக்கே, அது வெளிப்பக்கம்தான வரணும்?"

"எனக்கு ஒரு பூட்ஸும் தெரியல."

"இங்கேருந்து சரியாத் தெரியல" என்றார்.

அடுத்த நொடி அவருடைய ஆள் புல்லிலிருந்து எழுந்தான். இத்தனை நாளும் படுத்தே கிடந்தவன், பட்டப்பகலில், எதிரி முகாமுக்கு நடுவே, திறந்த வெளியில் ஓட ஆரம்பித்தான். சுடுவதற்கு அல்ல. பூட்ஸைப் பார்க்க. உலகத்தில் எந்த ஸ்னைப்பரும் இந்தக் காரணத்துக்காக ஓடியிருக்க மாட்டான்.

மூலையில் நம்பர் ஏறியது. சிவப்பாகச் சிமிட்டியது. திக்திக்கென்று ஹாலே அதிர்ந்தது. நான் நம்பரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் நம்பர் பக்கம் திரும்பவே இல்லை.

காவல்காரர்கள் சும்மா இருப்பார்களா? நாலு பக்கமும் சுட்டார்கள். இவருடைய ஆள் குப்புற விழுந்தான். இந்த விளையாட்டில் செத்தால் காமிராவும் கூடவே தரையில் விழுந்துவிடும். கர்னல் மெதுவாக நடந்து வந்து, பிணத்தின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றான். டிவி முழுக்க ரெண்டு பூட்ஸ்.

இவர் எழுந்தே விட்டார். "ரெண்டும் லெஃப்ட்டு! மாலா, ரெண்டும் லெஃப்ட்டு ஷூ!"

பார்த்தேன். உண்மைதான். ரெண்டு பூட்ஸிலும் பக்கிள் ஒரே பக்கம். முன்பக்க வளைவும் ஒரே பக்கம். ஒன்றைச் செய்து அதையே இன்னொரு காலிலும் மாட்டியிருக்கிறார்கள். காற்றைக் கணக்குப் போட்டார்கள், மூச்சைக் கணக்குப் போட்டார்கள், நாடித் துடிப்பைக்கூட விடவில்லை. பாவம், கர்னலுக்கு ஒரு வலது கால் ஷூ கொடுக்க மறந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது. மறுபடி நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "இவ்ளோ பெரிய கம்பெனி... ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு ஆள் இல்ல, பாரேன்" என்றார்.

அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலி. பாத்ரூமில் இல்லை. பெட்ரூமில் இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சு என்ன நம்பரில் அடித்தது என்று காட்ட யாரும் மூலையில் ஒரு மீட்டர் வைக்கவில்லை.

பால்கனிக்கு ஓடினேன்.

கீழே தெருவில், இக்பால் பாய்க்கு முன்னால் இவர் நின்றுகொண்டிருந்தார். ரெண்டு கையையும் நீட்டி, பக்கிள் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் லெஃப்ட்டு, பாய். ஜோடியே கிடையாது."

பாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பேக்கிங் செக்‌ஷன்காரருக்கு அதுக்கு மேல் கெட்ட சேதி ஏது? "யா அல்லா. பேக்கிங் பண்ணது யாருப்பா?" என்றார் நிஜமான கவலையோடு. பிறகுதான் அவருக்கு எதிரே நிற்பது யார் என்று உறைத்திருக்க வேண்டும். அண்ணாந்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பாய் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. இவர் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"வா தயா. டீ சாப்பிட்டுக்கினே சொல்லு."

ரெண்டு பேரும் முனைக்கடையைப் பார்த்து நடந்தார்கள். பாய் முழங்காலுக்காக மெதுவாக. இவர் பேச்சு சுவாரசியத்தில் அதைவிட மெதுவாக. நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என்ன இருந்தாலும் நானும் இந்த ஊர்க்காரி, கண் தானாகக் காலுக்குத்தான் போனது.

ஒரு காலில் அவருடைய நீலச் செருப்பு. இன்னொரு காலில் என்னுடைய பழுப்புச் செருப்பு.

கூப்பிட்டுச் சொல்லவில்லை. பாஸ் போட்டு அனுப்பிவிட்டேன்.