கட்டாரில் செய்த வீட்டுப்பாடம்

ஓட்டமாவடியில் றுமைஸாவைத் தேடுகிறவர்கள் அவள் வீட்டுக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். விடிந்ததும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனால் போதும். ஒரு தோளில் பை தொங்கும், மறு தோளில் போனைப் பொருத்தி வைக்கிற மூன்று கால் கம்பி தொங்கும். பஸ்ஸுக்குள் அந்தக் கம்பி யாருடைய விலாவிலாவது குத்தாமல் ஏறாவூர் வந்து சேர்ந்த நாள் இல்லை. கண்டக்டர்கூட ஒருமுறை கேட்டுவிட்டார்.

“டீச்சர், இந்தக் கால் மூணுக்கும் சேத்து டிக்கெட் எடுக்கணும், தெரியுமா?”

“அது உக்காராதே. உக்காந்தா எடுக்கிறன்.”

அவள் இன்னும் முழு டீச்சர் ஆகவில்லை. ஆசிரியர் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து முடித்து, மூன்றாவது வருஷப் பயிற்சிக்காக ஏறாவூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டவள். நாலாம் வகுப்பு, சுற்றாடல் பாடம். கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியைப் பார்த்துத் தூங்குகிற பிள்ளை திரையைப் பார்த்தால் விழித்துக்கொள்ளும் என்பது அவளுடைய அசையாத நம்பிக்கை. ஊரார் ஆத்தங்கரை என்கிற வாவிக்கரையில் ஒரு நீர்க்காகம் சிறகு விரித்து உட்கார்ந்தாலும் அதை வீடியோவாக்கி, இசை சேர்த்து, எழுத்துப் பறக்கவிட்டுத்தான் ஓய்வாள்.

அவளுடைய உம்மா அஸீமாவுக்கு இது பிடிக்காது. “புள்ளைக்குச் சோறு தீத்துறதுக்கும் போன், பாடம் படிப்பிக்கிறதுக்கும் போன். மறுகா அந்தப் புள்ள உம்மாட மொகத்த எப்பகா பாக்கிற?” என்பாள்.

“அதையும் வீடியோ எடுத்துத் தாறன்மா.”

“வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல.”

முதல் வாரமே வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குறூப் தொடங்கினாள். வீட்டில் நம்பர் கேட்டு வரச் சொன்னதும் பிள்ளைகள் மறுநாளே கொண்டுவந்தார்கள். எல்லாம் வாப்பாமாரின் நம்பர். நாலு பேர் பார்க்கிற குறூப்பில் உம்மாவின் நம்பரைப் போடுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வாப்பாமார் வெளிநாட்டில். ஆகவே, ஏறாவூர் நாலாம் வகுப்புக் குறூப்பைத் திறந்தால் கட்டார் நம்பர், சவூதி நம்பர், குவைத் நம்பர் என்று ஒரே வளைகுடாவாக இருந்தது. றுமைஸாவுக்கு அது புதினமாகப் படவில்லை. அவளை யாராவது கேட்டிருந்தால் அவளும் வாப்பாவின் நம்பரைத்தான் கொடுத்திருப்பாள்.

அப்படித்தான் அந்த மீன் வீடியோவும் போனது. ஒரு பின்னேரம் வாவியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒருவர் வீச்சு வலை போடுவதைப் படம்பிடித்தாள். வலை வானத்தில் வட்டமாக விரிந்து விழும் இடத்தை மெதுவாக ஓடவிட்டாள். கடைசியில் ஒரு கேள்வி: இந்த வாரம் உங்கள் வீட்டில் ஆக்கிய மீன்கள் எவை? அவற்றில் வாவி மீன் எது, கடல் மீன் எது? இரவு சாப்பாட்டுக்கு முன் குறூப்பில் போட்டாள். காலையில் பார்த்தால் ஒரு பிள்ளை விடாமல் பதில் வந்திருந்தது. கொப்பியையே திறக்காத பிள்ளைகள்கூட எழுதியிருந்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில், கற்றலில் டிஜிட்டல் ஊடகம் பற்றி ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் எழுத வேண்டிய குறிப்பை ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். “டிஜிட்டல் ஊடகம் வகுப்பறையின் நான்கு சுவர்களையும் உடைத்துவிட்டது” என்று தொடங்கினாள். நடுவில், எந்த மணிக்கு எத்தனை பதில் வந்தது என்று வண்ண வண்ணமாக ஒரு வரைபடம். அதைக் கல்லூரி விரிவுரையாளர் ஒலிவ் மிஸ்ஸுக்கு அனுப்பியும் விட்டாள். வியாழக்கிழமை அவளுடைய கடைசிப் பாடத்தைப் பார்க்க மட்டக்களப்பு டவுனிலிருந்து வரப்போகிறவர் அவர்தான். அதில் தவறினால் கூடப் படித்தவர்கள் எல்லாரும் நியமனக் கடிதத்தோடு போக, அவள் மட்டும் இன்னொரு தவணை பயிற்சி ஆசிரியையாகவே இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில்தான், திரையில் காட்டுவதற்கு நல்ல பதில்களாகப் பொறுக்கலாம் என்று ஒவ்வொன்றாக வாசித்தாள்.

ஹமூர். ஸாபி. ஷேரி.

அடுத்த பதிலிலும் ஹமூர், ஸாபி, ஷேரி. அதே வரிசை. இன்னொன்றில் எழுத்தே இல்லை, படம் மட்டும்: ஒரு பெரிய தட்டில் சோறு, அதன் மேல் மீன், சுற்றி பனியனோடு நாலு ஆம்பிளைகள். ஏறாவூர்ச் சந்தையில் ஹமூர் என்ற அரபுப் பேரில் ஒரு மீன் விற்றதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

முன்வரிசையில் இருந்த ஸைனம்புவைக் கூப்பிட்டாள்.

“மகள், நீங்க ஹமூர் சாப்பிட்டீங்களா?”

“அது என்ன டீச்சர்?”

“உங்கட பதில்ல எழுதியிரிக்கி.”

“அது என்ட பதில் இல்ல டீச்சர், வாப்பாட பதில். நான் உம்மாக்கிட்டச் செல்லினன். உம்மா வாப்பாக்கு வொய்ஸ் போட்டாங்க. வாப்பாக்குக் கேக்க நேரமில்ல. மறுகா அவரே எழுதிட்டாரு.”

“வீடியோவப் பாத்தீங்களா?”

“இல்ல டீச்சர். வாப்பா பாத்தாராம். நல்லாயிரிக்காம்.”

பின்னாலிருந்து இன்னொரு பிள்ளை எழுந்தது. “எங்கட வாப்பா ஸைனம்புட வாப்பாவப் பாத்து எழுதின டீச்சர். ரெண்டு பேரும் ஒரே ரூம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டது: “பாத்து எழுதினா பிழைதானே டீச்சர்?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. றுமைஸாவும் சிரித்திருப்பாள், அந்த நேரம் பார்த்து ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான றவூப் சேர் வாசலில் நிற்காமல் இருந்திருந்தால்.

“அப்ப நம்மட நாலாம் வகுப்பு கட்டார்லயா நடக்கு?” என்றார் அவர். “டீச்சர், வியாழக்கிழமையோட இந்தக் குறூப்ப மூடிருங்க. வாற மிஸ்ஸுக்கு இது தெரிஞ்சா பள்ளிக்கூடத்துக்கே வெக்கம்.”

பகல் இடைவேளையில் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழி இல்லாமல் இல்லை. உள்ளூரில் இருக்கிற வாப்பாமார் கெளிறு, மணலை என்று ஊர் மீன்களை ஒழுங்காக எழுதியிருந்தார்கள். ஹமூர்களை எல்லாம் அழித்துவிட்டு, இவற்றை மட்டும் திரையில் போட்டால் ஒலிவ் மிஸ் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு குறூப்பை மூடினால் கேள்வி கேட்க யார் இருக்கிறார்?

அழிப்பதற்காகக் குறூப்பை மேலே தள்ளிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள். ஸைனம்புவின் வாப்பா றிஸ்லான், பதிலுக்குக் கீழே தனியாக எழுதியிருந்தார்: “டீச்சர், அந்த வலை போடுற இடம் நம்மட ஆத்தங்கரைதானே? தண்ணி இந்த முறை இவ்வளவு குறைவா?” அதற்கு அவள் ஒரு பெருவிரல் படம் அனுப்பியிருந்தாள். வேறொருவர் அந்த வீடியோவை மூன்று தரம் பார்த்ததாகவும், அந்த மாமரம் யாருடைய வளவு என்றும் கேட்டிருந்தார். அதற்கும் பெருவிரல்தான். குறூப் முழுக்க அப்படி. ஆம்பிளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவள் பெருவிரலைக் காட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகளுக்கு என்று மெதுவாக ஓடவிட்ட அந்த வலையைப் பார்த்தவர்கள் இவர்கள். பிள்ளைகளில் யார் பார்த்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு நீலச் சரிக்குறி விழுந்தால் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று இருந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் றிஸ்லானுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். சலாம் சொல்லி, ஸைனம்புவின் டீச்சர் என்றாள். அடுத்த நிமிஷமே அவர் அழைத்தார்.

“மகள் என்னமும் குழப்படியா டீச்சர்?”

“மகள் இல்ல. நீங்கதான்.”

அவர் இழுத்து இழுத்துச் சொன்னார்: “பதில் போகாட்டி புள்ளைக்கு மார்க் குறைஞ்சிருமோ எண்டு எழுதினது டீச்சர். அங்க இரிந்தா பக்கத்துல இரிந்து செல்லிக் குடுத்திருப்பன். இஞ்ச இரிந்து வேற என்ன செய்ய ஏலும்?”

“செய்ய ஏலும். வியாழக்கிழம காலையில பிள்ளைகள் உங்களிட்டக் கேள்வி கேப்பாங்க. நீங்க எல்லாரும் வாயால பதில் செல்லணும்.”

“வேலைக்குப் போற பஸ்ல இரிப்பம் டீச்சர்.”

“பஸ்ல இரிந்தே செல்லுங்க.”

“சோதினையா?”

“ஓம். பக்கத்துல இரிக்கிற ஆளப் பாத்துச் செல்ல ஏலா.”

வியாழக்கிழமை ஒலிவ் மிஸ் வந்து, பின்வாங்கில் குடையைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்தார். றவூப் சேர் வாசலில். றுமைஸா திரையை விரிக்கவில்லை. போனைச் சின்ன ஸ்பீக்கரில் கொழுவி மேசையில் வைத்தாள். “இண்டைக்கு வாப்பாமார்தான் மாணவர். நீங்க டீச்சர். அவங்க சாப்பிட்ட மீன் எதுவெண்டு கண்டுபிடிக்கணும். பேரைக் கேக்கக்கூடாது.”

குரல் செய்தியாகப் போன முதல் கேள்வி ஸைனம்புவுடையது. “வாப்பா, நீங்க சாப்பிட்ட ஸாபிக்கு வாய் எப்படி? பெரிசா, சின்னனா?”

அரை நிமிஷம் கழித்துப் பஸ் இரைச்சலோடு பதில் வந்தது. “சின்ன வாய் மகள். முயலுட வாய் மாதிரி.”

“முதுகுல முள்ளு இரிக்கா?”

“இரிக்கி. குத்தினா நல்லாக் கடுக்கும்.”

“ஓரா!” வகுப்பின் பாதி எழுந்து நின்றது. மீன்காரரின் மகள் ஒருத்தி கரும்பலகைக்கு ஓடிப்போய், யாரும் கேட்காமலே, அதை வரைந்து முள்ளும் போட்டாள். ஹமூரைக் கண்டுபிடிக்க இன்னும் நேரம் எடுத்தது. பெரிய வாய், தடித்த சொண்டு என்றதும் அது கலவாய் என்று தீர்ப்பானது. ஷேரியை யாராலும் பிடிக்க முடியவில்லை. அதைச் சாப்பிட்ட வாப்பாவுக்கும் பொரித்த பிறகுதான் பழக்கமாம்.

“சரி வாப்பா, ஓரா கடல் மீனா, வாவி மீனா?”

“கடல் மீன்.”

“பிழை வாப்பா,” என்றாள் ஸைனம்பு. “மழைக்கு முகத்துவாரத்து மணல வெட்டினா கடல்ல உள்ளது ஆத்துக்குள்ளயும் வரும். ரெண்டுலயும் இரிக்கும். திரும்பச் செல்லுங்க.”

பஸ்ஸில் யாரோ “றிஸ்லான் பெயில்” என்று கத்துவதும், பலர் சிரிப்பதும் கேட்டது. அதற்கு மேலாக அவருடைய குரல்: “ரெண்டுலயும் இரிக்கும், டீச்சர்.” மகளைத்தான் அப்படிக் கூப்பிட்டார். ஸைனம்பு நிமிர்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

மணி அடித்தும் கேள்விகள் முடியவில்லை. பிள்ளைகள் வெளியே போன பிறகு ஒலிவ் மிஸ் கேட்டார்: “இது நீங்க அனுப்பின குறிப்பில இல்லையே?”

வாசலில் றவூப் சேர் சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். றுமைஸா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. “அந்தக் குறிப்பு சரியில்ல மிஸ். பதில் எழுதினது பிள்ளைகள் இல்ல, வாப்பாமார். பாதிப் பிள்ளைகள் வீடியோவைக் கண்டதே இல்ல.”

“தெரியும்.”

“எப்பிடி மிஸ்?”

“உங்கட வரைபடத்தில பாதிப் பதில் இரவு பதினொரு மணிக்கு மேல வந்திருக்கு. நாலாம் வகுப்புப் பிள்ளையள் அந்த நேரம் கண் முழிச்சு மீனப் பற்றியா யோசிக்கும்?” ஒலிவ் மிஸ் குடையை எடுத்தார். “இண்டைக்கு இதைச் சொல்லாம விட்டிருந்தா நான் வேற மாதிரி எழுதியிருப்பன். பாடம் பாஸ். நேரம் கூடிப்போச்சு, பாடத்தின்ட மூணாவது நோக்கத்தைத் தொடவே இல்ல, அதுக்கு மார்க் வெட்டியிருக்கிறன். குறிப்புத்தான் பாஸ் இல்ல. திங்கட்கிழமைக்கு முதல் திரும்ப எழுதுங்க. சுவர் உடையிற கதையெல்லாம் வேணாம்.”

போகும்போது றவூப் சேரிடம், “நல்ல குறூப் ஒண்டு வச்சிருக்கிறீங்க” என்றார். சேர் ஒருமுறை செருமினார். “ஓம் மிஸ், இரிக்கட்டும் எண்டுதான் நானும் செல்லின.”

திரும்பும் பஸ்ஸில், வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் ஏறி நெரித்தபோது, றுமைஸா கம்பியை மடியில் போட்டுக்கொண்டு போனில் புதிய குறிப்பைத் தொடங்கினாள். நல்ல வீடியோ எடுப்பதிலேயே தன் முழுக் கெட்டித்தனமும் செலவானது, அது யார் கைக்குப் போகிறது என்று பார்க்கவில்லை என்று எழுதினாள். வந்த பதில்களை எண்ணியவள், ஒரு பதிலுக்காவது பதில் எழுதவில்லை என்றும் எழுதினாள். இன்று வகுப்பில் திரையே இல்லை, ஆனாலும் இதுவரை செய்ததில் அதிகம் ஊடகம் பாவித்த பாடம் இதுதான் என்று எழுதி, அது பெரிய பேச்சுப்போலத் தெரிய, அழித்தாள். பிறகு, உண்மைதானே என்று திரும்பவும் எழுதினாள்.

ஓட்டமாவடிப் பாலத்தில் குறூப் அடித்தது. றிஸ்லான். “டீச்சர், இண்டைக்கு ஹோம்வேர்க் இல்லையா?”

“இரிக்கி,” என்று எழுதினாள் றுமைஸா. “பிள்ளைகளுக்கு இல்ல, உங்களுக்கு. அங்க மீன் கடையில போய், ஷேரியைப் பச்சையாப் படம் எடுத்து அனுப்புங்க. எல்லாரும் தனித்தனியா.”

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. “வெள்ளிக்கிழமதான் லீவு டீச்சர். சனிக்கிழம தந்தா காணுமா?”

இந்த முறை அவள் பெருவிரல் படம் அனுப்பவில்லை. “காணும். பிந்தினா ஸைனம்புட்டச் செல்லுவன்” என்று எழுதினாள்.